வெளிநாட்டுச் சம்பளமும் வீட்டிலிருக்கும் வரிப் பயமும்

"வெளிநாட்டுக் காசுக்கும் இனி நூற்றுக்குப் பதினைஞ்சு வெட்டுவாங்களாம்."

2024 டிசம்பர் முடிவதற்குள் இந்தப் பேச்சு நோட்டன் பிரிட்ஜ் கடைவீதிக்கு வந்துவிட்டது. ஹட்டன் பஸ்ஸில் கேட்டேன். பணம் எடுக்க நின்ற வரிசையில் கேட்டேன். ஒரு கல்யாண வீட்டுப் பந்தலிலும் கேட்டேன். மகள் குவைத்தில், மகன் கட்டாரில், மருமகன் மாலைதீவில் என்று பிள்ளைகளைத் திசைக்கொருவராக அனுப்பிவிட்டு, மாதம் ஒருமுறை வங்கிக்கு இறங்கி வரும் தாய்மாருக்கு இது லேசான செய்தியல்ல. வங்கியில் போட்டால்தானே வெட்டுவார்கள், இனி உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே கைமாற்றாக, அனுப்பச் சொல்லிவிடுவோம் என்று முடிவெடுத்த வீடுகளும் இருந்தன.

பயம் பிழை. கேள்வி பிழையல்ல. வெளிநாட்டில் உழைப்பவர் எந்த நாட்டுக்கு வரி கட்ட வேண்டும், எப்போது, எவ்வளவு, எதற்குக் கட்டவே தேவையில்லை என்பதைத் தமிழில் முறையாக யாரும் இந்த மக்களுக்குச் சொன்னதில்லை. சொல்லாததன் நட்டம் ஒன்றல்ல. கட்ட வேண்டியதில்லாத வரிக்குப் பயந்து பணத்தைத் தவறான வழியில் அனுப்புகிறார்கள். கட்டத் தேவையில்லாத வரி வேறோர் இடத்தில் சத்தமில்லாமல் கழிக்கப்படுகிறது, அதைத் திருப்பிக் கேட்கலாம் என்பதே தெரியாமல் விட்டுவிடுகிறார்கள்.

வருமான வரி தோட்ட லயத்துக்குப் புதியது. இலங்கையில் அது 1932இல் வந்தது. தோட்டக் கம்பனியின் இலாபத்துக்கும், பங்களாவிலிருந்த தொரையின் சம்பளத்துக்கும், கொழும்பு உத்தியோகத்தருக்கும் உரிய விஷயமாகவே அது இருந்தது. பெரட்டுக்குப் போய் பேர் போட்டுக் கொழுந்து பறித்தவருக்கு அந்தத் திணைக்களத்தின் வாசல் எங்கே இருக்கிறது என்றும் தெரியவேண்டியிருக்கவில்லை. இன்றும் கணக்கு அப்படித்தான். 2024இல் நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. மாதம் 25 நாள் வேலை கிடைத்தாலும் வருடத்துக்கு 4 லட்சத்து 5 ஆயிரம். வரிக்கு முன் ஒருவருக்குக் கழித்துக்கொடுக்கும் தனிநபர் நிவாரணமோ 2025 ஏப்ரல் முதல் 18 லட்சம். தோட்டத் தொழிலாளி வரி கட்டவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதமாக உயர்ந்த பெறுமதி சேர் வரியைச் சவர்க்காரத்திலும் கைபேசி ரீலோடிலும் அவர் கட்டிக்கொண்டேதான் இருக்கிறார். சம்பளத்தின் மேல் வரி என்ற ஒன்றைத்தான் அவர் வீடு அறியாது. பிள்ளை விமானம் ஏறும் நாளில்தான் அந்தக் கேள்வி முதன்முறையாக அந்த வீட்டுக்குள் வருகிறது.

சட்டம் எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்ப்போம். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. நீங்கள் எந்த நாட்டுப் பிரஜை என்பதை வைத்து அது முடிவு செய்வதில்லை. எங்கே வதிகிறீர்கள் என்பதைத்தான் பார்க்கிறது. இலங்கையில் வதிபவருக்கு உலகில் எங்கு சம்பாதித்தாலும் அது இங்கே கணக்கில் வரும். வதியாதவருக்கு இலங்கையில் உண்டான வருமானம் மட்டுமே கணக்கு. டோஹாவில் கட்டட வேலை செய்து பெற்ற சம்பளம் டோஹாவில் உண்டான வருமானம். வருடம் முழுவதும் அங்கே இருக்கும் ஒருவர் அதை வீட்டுக்கு அனுப்பினால் அனுப்பும் செயலுக்கு வரி கிடையாது, அந்தப் பணத்தைத் தாய் எடுத்தால் எடுப்பதற்கும் வரி கிடையாது. பந்தலில் கேட்ட கேள்விக்குப் பதில் இவ்வளவுதான்.

வதிபவர் யார் என்பதில்தான் நுணுக்கம் இருக்கிறது. நமது வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. அந்த ஆண்டுக்குள் தொடங்கும் அல்லது அந்த ஆண்டுக்குள் முடியும் ஏதாவது 12 மாத காலத்தில் மொத்தம் 183 நாட்களோ அதற்கு மேலோ இங்கே இருந்தவர், அந்த ஆண்டில் கொஞ்ச நாளாவது நாட்டில் இருந்திருந்தால், அந்த ஆண்டுக்கு வதிபவர். வெறும் 183 நாள் என்று மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்கள் வழுக்கும் இடம் இது.

2025 செப்டம்பரில் கட்டார் போன ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஐந்து மாதம்தான் இங்கே இருந்தார், 183 நாள் ஆகவில்லை, ஆகவே நான் வதியாதவன் என்று அவர் நினைப்பார். ஆனால் 2025 மே மாதத்தில் முடிந்த 12 மாதத்தை எடுத்தால் அவர் முழுவதும் நோட்டனில்தான் இருந்தார். அந்த 12 மாதம் 2025/26 வரி ஆண்டுக்குள் முடிகிறது. எனவே அவர் அந்த ஆண்டுக்கு வதிபவரே. திரும்பி வரும் ஆண்டுக்கும் இப்படியே, பின்னோக்கிப் பார்ப்பதற்குப் பதில் முன்னோக்கிப் பார்க்க வேண்டும். போகிற வருடமும் திரும்புகிற வருடமும்தான் கவனிக்க வேண்டியவை. நடுவில் முழுதாக வெளியே கழித்த வருடங்களில் சிக்கல் குறைவு.

இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், கணக்குப் போட்டுப் பார்ப்போம். கட்டாரில் 2021 மார்ச் முதல் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 1,000 ரியால். தங்குமிடமும் சாப்பாடும் முதலாளி தராவிட்டால் அவற்றுக்கு 500, 300 என்று சேர்த்து 1,800. ஒரு டாலர் 300 ரூபா என்று வைத்தால் ரியால் ஒன்று ஏறத்தாழ 82 ரூபா. செப்டம்பர் முதல் மார்ச் வரை ஏழு மாதத்துக்கு 12,600 ரியால், ஏறத்தாழ 10 லட்சத்து 33 ஆயிரம் ரூபா. போவதற்கு முன் தோட்டத்தில் உழைத்த ஐந்து மாதச் சம்பளத்தைக் கூட்டினாலும் 12 லட்சத்தைச் சுற்றித்தான் நிற்கும். 18 லட்சம் நிவாரணத்துக்குள் அது அடங்கிவிடுகிறது, வரி சுழியம். பன்னிரண்டு மாதம் முழுவதையும் கணக்கில் எடுத்தாலும் ஆகக் குறைந்த சம்பளக்காரரின் தொகை 18 லட்சத்தைத் தொடாமல் நிற்கிறது. நம் பகுதியிலிருந்து வளைகுடா போகிறவர்களில் பெரும்பாலோர் இந்தக் கோட்டுக்குக் கீழேதான். கணக்குக் காட்ட வேண்டி வருவது அதைவிட நன்றாகச் சம்பாதிக்கும் தாதியருக்கும், மேற்பார்வையாளருக்கும், பொறியியலாளருக்கும். அதுவும் பெரும்பாலும் புறப்பட்டுப் போன வருடத்துக்கும் திரும்பி வந்த வருடத்துக்கும்தான்.

அப்படியானால் அந்தப் பதினைந்து என்ன? 2025 மார்ச் வரை, வெளிநாட்டில் பயன்படும் சேவையைச் செய்து, வெளிநாட்டு நாணயத்தில் பெற்று, வங்கி மூலம் கொண்டுவந்த வருமானத்துக்கு வரி விலக்கு இருந்தது. 2025ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் ஏப்ரல் 1 முதல் அந்த விலக்கை எடுத்துவிட்டு, ஆகக் கூடியது 15 சதவீதம் என்று உச்ச வரம்பு வைத்தது. சாதாரண வருமானத்துக்கு உச்ச வீதம் 36 என்பதை நினைத்தால் இது சலுகைதான். இது குறிவைப்பது நாட்டில் உட்கார்ந்துகொண்டே வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கணினி வேலையும் வடிவமைப்பும் கணக்கு வேலையும் செய்பவர்களை. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் அப்படி வேலை செய்யும் இளைஞர்கள் இன்று இருக்கிறார்கள், பல லயங்களில் பட்டதாரிப் பிள்ளைகள் அதற்குத் தயாராகிக்கொண்டும் இருக்கிறார்கள். அவர்கள் வதிபவர்கள். வருடத்துக்கு 18 லட்சத்தைத் தாண்டினால் வரி உண்டு, அறிக்கை கொடுக்க வேண்டும். குவைத்தில் சமையலறையில் நிற்கும் அக்காவுக்காகப் பயந்த வீடு, வீட்டிலேயே மடிக்கணினியோடு இருக்கும் தம்பியின் கணக்கைத்தான் பார்த்திருக்க வேண்டும். இன்னொன்றும் கவனியுங்கள்: அந்த 15 என்ற வரம்பும் வங்கி மூலம் வந்த பணத்துக்குத்தான். உண்டியலில் வந்த பணத்துக்குச் சலுகையைக் கேட்கக்கூட வாய் இல்லை.

இனி போகிற நாட்டுப் பக்கம். சவூதி அரேபியா, குவைத், கட்டார், ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரேன், ஓமான் ஆகிய ஆறிலும் இன்றைக்குச் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. ஓமான் மட்டும் 2025இல் சட்டம் இயற்றியிருக்கிறது. 2028 ஜனவரியிலிருந்து, வருடத்துக்கு 42,000 ஓமான் ரியாலுக்கு மேல் சம்பாதிப்பவருக்கு, மேலதிகத் தொகையில் 5 சதவீதம். நம்மவரில் ஆயிரத்தில் ஒருவர்கூட அந்த இடத்தில் இல்லை. பஹ்ரேனில் வேலையின்மைக் காப்புறுதிக்கு ஒரு சதவீதம் கழிப்பார்கள். அமீரகத்தில் 2023 முதல் வேலை இழப்புக் காப்புறுதிக்குக் குறைந்த சம்பளக்காரர் மாதம் 5 திர்ஹம் கட்டுகிறார். இவை வரியல்ல, கணக்கோடு கூடிய காப்புறுதி.

அதனால் உறுதியாகச் சொல்லலாம்: வளைகுடாவில் உள்ள ஒரு பிள்ளை "சம்பளத்தில் டாக்ஸ் புடிச்சிட்டாங்க" என்று தொலைபேசியில் சொன்னால், அது அந்தச் சிறு காப்புறுதிக் கழிவாக இல்லாவிட்டால், பிடித்தது அரசாங்கம் அல்ல. முதலாளியோ இடைத்தரகரோ எடுத்திருக்கிறார். சவூதித் தொழிற்சட்டத்தின் 40ஆம் உறுப்புரை, ஆள் சேர்க்கும் செலவும், இக்காமா எனும் வதிவிட அனுமதிக் கட்டணமும், அதைப் புதுப்பிக்கும் செலவும் முதலாளியுடையவை என்று தெளிவாகச் சொல்கிறது. வீட்டு வேலைக்குப் போனவர்களுக்கு அந்தச் சட்டம் அப்படியே பொருந்தாது, தனி விதிமுறைகள் உண்டு. ஆனால் அவர்களின் சம்பளத்திலும் வருமான வரி என்று ஒன்று இல்லை. வரி என்ற சொல்லுக்கு மறுபேச்சு பேசக்கூடாது என்று நம் மக்கள் நினைக்கிறார்கள். அந்த மரியாதையைத்தான் ஏமாற்றுகிறவர்கள் பயன்படுத்துகிறார்கள். அப்படிக் கழித்தால் சம்பளச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் முறையிடலாம்.

வரி உள்ள நாடுகளில் கதை வேறு. அங்கே நட்டம் வரியால் வருவதைவிட, கூடக் கட்டிய வரியைத் திருப்பிக் கேட்காததால் வருகிறது.

மலேசியாவைப் பாருங்கள். நம் முன்னோர் இலங்கைக்கு வந்த அதே காலத்தில் அவர்களின் உறவினர் ரப்பர் தோட்டத்துக்குப் போன நாடு அது. அங்கே வரி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. வருடத்தில் 182 நாள் இருந்தவர் வதிபவர், இல்லாதவர் வதியாதவர். வதியாதவருக்கு எந்த நிவாரணமும் இல்லாமல் முதல் ரிங்கிட்டிலிருந்தே 30 சதவீதம். 2025இல் நிர்ணயித்த ஆகக் குறைந்த சம்பளம் 1,700 ரிங்கிட். அதில் 30 சதவீதம் 510. அதே மனிதர் வதிபவராகக் கணக்கிடப்பட்டால் 9,000 ரிங்கிட் நிவாரணம், 400 ரிங்கிட் தள்ளுபடி எல்லாம் போய் அவர் கட்ட வேண்டிய வரி ஒன்றுமே இல்லை. ஆகஸ்டில் போய் இறங்கிய ஒருவருக்கு அந்த வருடம் டிசம்பர் வரை 182 நாள் ஆகாது. மாதம் 510 போய்க்கொண்டிருக்கும். ஆனால் அந்தத் தங்கல் அடுத்த வருடத்தில் இடைவிடாமல் 182 நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், முதல் வருடத்தையும் வதிபவர் வருடமாகக் கணக்கிட மலேசியச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வருமான வரி வாரியத்துக்கு அறிக்கை கொடுத்தால் பணம் திரும்பும். கொடுக்காதவருக்குத் திரும்பாது. ஐந்து மாதத்துக்கு 2,550 ரிங்கிட் என்பது கிட்டத்தட்ட ஒன்றரை மாதச் சம்பளம்!

பிரித்தானியாவுக்குப் பராமரிப்பு வேலைக்குப் போனவர்களுக்கும் இதே பாடம், தொகைதான் பெரிது. அங்கே வரி ஆண்டு ஏப்ரல் 6இல் தொடங்கும். வருடத்துக்கு 12,570 பவுண் வரை வரி இல்லை. அந்தத் தொகையைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதந்தோறும் கழித்துக்கொண்டு மிச்சத்துக்கு 20 சதவீதம் பிடிப்பார்கள். மாதம் 2,000 பவுண் சம்பளத்துக்கு ஏறத்தாழ 190 பவுண் போகும். ஏப்ரலில் புதிய ஆண்டு தொடங்கி ஆறு மாதம் வேலை செய்துவிட்டு ஒருவர் நாடு திரும்பினால் அவருடைய அந்த ஆண்டு வருமானம் 12,000 பவுண்தான், வரி வரம்புக்கே வரவில்லை. பிடித்த 1,143 பவுணும் அவருடையது. பவுண் 400 ரூபா என்றால் 4 லட்சத்து 57 ஆயிரம் ரூபா. அந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் தோட்டத்தில் ஒரு வருடம் முழுவதும் கொழுந்து பறித்தாலும் அவ்வளவு வராது. வேலையை விடும்போது முதலாளி தரும் பி-45 என்ற தாளும், நாட்டைவிட்டுப் போகிறேன் என்று அறிவிக்கும் பி-85 படிவமும் இருந்தால் ஊரிலிருந்தே கேட்கலாம், நான்கு வருடம் வரை பின்னோக்கிக் கேட்கலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தென் கொரியாவுக்கு ஈ-9 விசாவில் போனவர் தேசிய ஓய்வூதியத்துக்குக் கட்டிய பணத்தை நாடு திரும்பும்போது ஒரே தொகையாகப் பெற முடியும். சிங்கப்பூரில் வெளிநாட்டவர் வேலையை விட்டால், முதலாளி ஒரு மாதத்துக்கு முன்பே வரித் திணைக்களத்துக்கு அறிவித்து, வரி தீரும்வரை கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைக்க வேண்டும். சம்பளத்தைத் தரவில்லை என்று சண்டை போடுமுன் இதை அறிந்திருப்பது நல்லது. இத்தாலியில் வீட்டு வேலை செய்பவருக்கு வீட்டுக்காரர் வரி பிடிப்பதில்லை. தொழிலாளி தானே அறிக்கை கொடுக்க வேண்டும், பிடிக்கவில்லையே என்று இருந்துவிட்டால் பின்னால் அபராதத்தோடு வரும். மாலைதீவில் 2020 முதல் சம்பள வரி உண்டு. மாதம் 60,000 ருஃபியாவுக்கு மேல் வாங்குபவருக்குத்தான் என்பதால் ரிசோர்ட்டில் வேலை செய்யும் நம் பிள்ளைகளை அது தொடுவதில்லை.

ஒரே வருமானத்தை இரண்டு நாடும் பிடித்துக்கொண்டால்? நோட்டன் அணைக்கட்டின் மேல் நின்றவருக்கு இதை விளக்குவது சுலபம். காசல்றி நீர்த்தேக்கத்துத் தண்ணீர் முதலில் விமலசுரேந்திர மின்நிலையத்தில் சுழலியைச் சுற்றிவிட்டு நோட்டன் குளத்துக்கு வருகிறது. அங்கிருந்து சுரங்கத்தில் இறங்கி 1950 முதல் ஓடும் லக்ஷபான நிலையத்திலும் சுழலியைச் சுற்றுகிறது. தண்ணீரை இரண்டு இடத்தில் பயன்படுத்தினால் தண்ணீர் குறைவதில்லை. சம்பளம் அப்படியல்ல, ஒவ்வொரு இடத்திலும் குறையும். அதனால்தான் இரட்டை வரி தவிர்ப்பு உடன்படிக்கைகள். இந்தியா, பிரித்தானியா, கனடா, இத்தாலி, கொரியா உட்பட நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுடன் இலங்கைக்கு இவை உண்டு. அங்கே கட்டிய வரியை இங்கே கட்ட வேண்டியதில் கழித்துக்கொள்ள நம் சட்டமும் இடம் தருகிறது. ஆனால் கட்டியதற்கு அந்த நாட்டின் பற்றுச்சீட்டோ வருடாந்தச் சம்பளச் சான்றோ வேண்டும். வாயால் சொன்னால் எடுபடாது.

வீட்டுக்கு வந்த பணத்தின் கதைதான் நம்மை மிக நெருக்கமாகத் தொடுவது, இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. அனுப்பிய பணத்துக்கு வரி இல்லை என்றேன். அதை நிலையான வைப்பில் போட்டு வட்டி வந்தால் அந்த வட்டி இலங்கையில் உண்டான வருமானம். 2025 ஏப்ரல் முதல் வங்கி அதில் 10 சதவீதத்தைப் பிடித்துவைக்கிறது, அதற்கு முன் 5 சதவீதம். மகன் அனுப்பியதைச் சேர்த்துத் தாயின் பெயரில் 20 லட்சம் வைப்பிலிட்டிருக்கிறது என்று வைப்போம். 8 சதவீத வட்டியில் வருடத்துக்கு 1 லட்சத்து 60 ஆயிரம் வரும். அதில் 16,000 கழிந்துவிடும். அந்தத் தாயின் மொத்த வருமானம் 18 லட்சத்துக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. அவர் கட்ட வேண்டிய வரி சுழியம். ஆண்டு வருமானம் 18 லட்சத்துக்குள்தான் என்று வங்கிக்குச் சுயபிரகடனம் எழுதிக் கொடுத்தால் கழிக்கமாட்டார்கள். கொடுக்கத் தவறியிருந்தால் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு அறிக்கை அனுப்பி மீளப் பெறலாம். இரண்டுக்கும் டின் என்று சொல்லும் வரி செலுத்துனர் அடையாள இலக்கம் தேவை. டின் எடுத்தாலே வரி கட்ட வேண்டும் என்று பயந்து எடுக்காமல் இருப்பவர்கள் நிறைய. உண்மை நேர் எதிர்: இவர்களுக்கு டின் இல்லாததால்தான் வரி போகிறது. ஹட்டனில் வீடு வாங்கி வாடகைக்கு விட்டவர் வெளிநாட்டில் இருந்தாலும், இலங்கைப் பிரஜை என்ற முறையில் அந்த 18 லட்சம் நிவாரணம் அவருக்கும் உண்டு.

உண்டியலைப் பற்றி ஒளிக்காமல் பேச வேண்டும். 2020இல் வெளிநாட்டுத் தொழிலாளர் வங்கி வழியே அனுப்பியது ஏறத்தாழ 710 கோடி டாலர். 2022இல் அது 379 கோடியாக விழுந்தது. வங்கி விலைக்கும் வெளிவிலைக்கும் இருந்த இடைவெளியில் மக்கள் உண்டியலுக்குப் போனார்கள், பசித்த காலத்தில் அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. 2024இல் வரவு 657 கோடியாக மீண்டது. ஆனால் அந்த இடைக்காலத்தில் உண்டியலில் வந்த பணத்தில் காணி வாங்கியவர், வீடு கட்டியவர், வேன் எடுத்தவர் ஆகியோரிடம் இன்று ஒரு தாளும் இல்லை. இந்தச் சொத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று ஓர் அதிகாரி கேட்டால், வரியே இல்லாத வெளிநாட்டு உழைப்பு என்று நிரூபிக்க அவருக்கு வழியில்லை. நிரூபிக்க முடியாத பணம் வரி கட்டாத உள்நாட்டு வருமானமாகவே பார்க்கப்படும் ஆபத்து உண்டு. வங்கியில் வந்திருந்தால் ஒரு வங்கிக் கூற்று போதும்.

பிற நாடுகள் என்ன செய்கின்றன? பிலிப்பைன்ஸ் ஒரு காலத்தில் வெளிநாட்டில் உழைக்கும் தன் பிரஜைகளிடம் வரி வாங்கியது. 1997இல் சட்டத்தை மாற்றி, 1998 முதல் வெளிநாட்டுத் தொழிலாளரின் வெளிநாட்டு வருமானத்துக்கு வரி இல்லை என்று எழுதி வைத்துவிட்டது. அமெரிக்காவோ பிரஜை எங்கிருந்தாலும் அறிக்கை கேட்கிறது. இந்தியாவில் 2020 வரவுசெலவுத் திட்டம், வேறெங்கும் வரி கட்டாத இந்தியப் பிரஜையை வதிபவராகக் கருதலாம் என்றதும், வளைகுடாத் தொழிலாளரை நம்பி வாழும் கேரளத்தில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. உண்மையான தொழிலாளரை இது தொடாது என்று அடுத்த நாளே விளக்கம் கொடுத்தார்கள். இந்தியாவில் வருடத்துக்கு 15 லட்சம் ரூபாவுக்கு மேல் வருமானம் உள்ளவருக்கு என்று சட்டத்தையும் சுருக்கினார்கள். நமக்கும் அப்படியொரு வாக்கியம் சட்டத்துக்குள்ளேயே வேண்டும் என்பது என் நிலைப்பாடு. இன்றைய சட்டத்தின்படி தொழிலாளி தப்புவது வதிவு நாட்கணக்கின் வழியாக. புறப்பட்ட வருடமும் திரும்பிய வருடமும் அவரைச் சந்தேகத்தில் நிறுத்தும் கணக்கு அது. வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போனவரின் வெளிநாட்டுச் சம்பளத்துக்கு எந்த ஆண்டிலும் வரி இல்லை என்று ஒரு வரி எழுதினால் அந்தச் சந்தேகமும் போகும், உண்டியலுக்குப் போகும் ஒரு காரணமும் போகும்.

மலையகத்தாருக்குத் தாளின் பலம் புதிதல்ல. கங்காணி காலத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. இந்தத் தொழிலாளி இவ்வளவு கடன்பட்டிருக்கிறான், அதைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று தோட்டம் எழுதிக் கொடுத்த சீட்டு. துண்டில்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல் அது ஒழிக்கப்படும்வரை மனிதரைக் கட்டிப்போட்டது அந்தக் கடதாசிதான். பிறர் எழுதி நம்மைக் கட்டிய தாள் அது. இன்றைய தாள் நம் கையில் இருக்க வேண்டிய தாள்: கடவுச்சீட்டில் போன நாளும் வந்த நாளும், வேலை ஒப்பந்தம், மாதச் சம்பளச் சீட்டு, வருட முடிவில் முதலாளி தரும் வரிச் சான்று, வங்கிக்குப் பணம் வந்த பதிவு. கைபேசியில் படம் எடுத்து வீட்டிலுள்ள ஒருவருக்கு அனுப்பி வைத்தாலே போதும். கடவுச்சீட்டு முதலாளியின் பெட்டிக்குள் இருக்கும் பெண்ணுக்கு இந்தப் படம் ஒன்றுதான் சாட்சி.

இதைச் சொல்லிக்கொடுக்க இடங்கள் இருக்கின்றன. புறப்படுமுன் பயிற்சி தரும் பணியகம் அதில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம், தமிழில். சந்தா வாங்கும் தொழிற்சங்கங்கள் ஹட்டனில் வாரம் ஒருநாள் படிவம் நிரப்பிக் கொடுக்க ஒருவரை இருத்தலாம். பிரதேச செயலகங்களின் நடமாடும் சேவைக்கு இறைவரித் திணைக்களத்தின் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவர் வரலாம். நோட்டனிலிருந்து திணைக்கள அலுவலகத்துக்குப் போய்வர ஒரு நாள் வேலையும் பஸ் காசும் போகிறது. மூவாயிரம் ரூபாவைத் திருப்பிக் கேட்க அவ்வளவு செலவழிக்க யாருக்கும் மனம் வராது. அந்த உத்தியோகத்தர் வரும்வரை 1944 இலக்கத்துக்கு அழைத்துத் தமிழில் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

முடிந்த வரி ஆண்டுக்கான அறிக்கையை நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன் ஒருநாள் மாலை அம்மாவின் வங்கிப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். வட்டிக்கு நேரே பத்து சதவீதம் கழிந்திருந்தால், வேறு பெரிய வருமானம் இல்லாத வீட்டில், அந்தக் காசு உங்களுடையது.